எத்தனை நாள் என்று கேட்டவள்

எதைக் கையில் வாங்கினாலும், எங்கே உட்கார்ந்தாலும், அது எதுவரைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அத்தாச்சிக்கு இருந்தது. விசிறியைக் கொடுத்தால் எப்போது திருப்பித் தர வேண்டும் என்று கேட்பாள். கிணற்றடிக்குப் போகுமுன் எத்தனை மணிவரை குளிக்கலாம் என்று கேட்பாள். சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பாகவே எழுந்தும் விடுவாள். நான் பழகியவர்களில் யாருடைய பொறுமையையும் ஒருமுறைகூடச் சோதிக்காதவள் அவள் ஒருத்திதான். அதனாலேயே எல்லோரும் அவளை இன்னும் கொஞ்சம் இரு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று வற்புறுத்தினார்கள். என்னை யாரும் அப்படி வற்புறுத்தியதில்லை. நான் எப்படியும் இருப்பேன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவள் என் அய்யாவின் அக்காள் மகள். அத்தை மகள் வயதில் மூத்தவளாக இருந்தால் எங்கள் பக்கத்தில் அத்தாச்சி என்போம். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அரசாங்கத்துக்குப் போன தாள்களில் அந்தப் பெயரை அத்தனை முறை எழுதியிருக்கிறேன்; மேலும் ஒருமுறை எழுதக் கை வரவில்லை.

இலங்கையிலிருந்து கப்பலில் வந்து தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலேறிப் பாம்பனுக்கு அவள் வந்தபோது எனக்குப் பதினைந்து வயது, அவளுக்கு இருபத்து மூன்று. அய்யா அப்போது பாம்பனில் ஓர் ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியர். பள்ளிக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. வந்த அன்று மாலை அவள் தன் தகரப் பெட்டியைக் கூடத்து மூலையில் வைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு, அடுப்படி வாசலில் நின்று என் அம்மாவிடம் கேட்டாள்:

“மாமி, நான் இங்க எத்தனை நாள் இருக்கலாம்?”

அம்மாவின் முகம் மாறிவிட்டது. “ஏண்டி, இது என்ன சத்திரமா, நாள் கேட்டுத் தங்குறதுக்கு? ஒங்காத்தாவோட பொறந்த சனம்டி நாங்க.”

“அதுக்கில்ல மாமி. ஒரு கணக்குத் தெரிஞ்சா நல்லம்.”

“ஒருத்தன் கையில ஒன்னயப் பிடிச்சுக் குடுக்குற வரைக்கும் இரு. போதுமா?”

அவள் யோசித்தாள். கேலிக்காக அன்றி, உண்மையாகவே யோசித்துவிட்டுச் சொன்னாள்:

“அது திகதி இல்லையே மாமி.”

தேதியை அங்கே திகதி என்பார்கள். அம்மா சிரிக்கத் தொடங்கினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள். “திகதி வேணுமாம்ல திகதி! கேட்டீகளா இந்தக் கூத்தை?” என்று அய்யாவைக் கூப்பிட்டுச் சொல்லி மறுபடியும் சிரித்தாள். அந்த வீட்டில் நான் பதினைந்து ஆண்டுகள் மகளாக இருந்திருக்கிறேன். அம்மாவை ஒருநாளும் அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. அன்று கூடத்தில் உட்கார்ந்து பூகோளப் பாடத்துக்கு வரைபடம் வரைந்துகொண்டிருந்தவள், கோட்டை அழித்து மறுபடி வரைந்தேன்.

அவள் அப்படிக் கேட்கப் பழகியதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய தகப்பனாருக்குக் கண்டிப் பக்கம் ஒரு மலைநகரத்தில் கடை. அவரே அங்கே பிறந்தவர்தான். அத்தையைக் கட்டிக்கொண்டு போனது அந்த வீட்டுக்கு. ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஏழாம் மாதத்தில் அத்தையைக் கடல் கடத்தித் திருவாடானைக்கு அருகே அய்யாவின் ஊருக்கு அழைத்து வந்தார்கள். அத்தாச்சி அங்கே பிறந்தாள். ஐந்தாம் மாதத்தில் தாயோடு திரும்பிப் போனாள். அவளுக்குப் பின் பிறந்த இரண்டு தம்பிகளும் தங்கையும் அந்த மலைநகரத்து ஆஸ்பத்திரியிலேயே பிறந்தார்கள். இரண்டு நாடுகளும் சுதந்திரம் அடைந்து, அங்கே யார் குடிமக்கள் என்று சட்டம் எழுதப்பட்டபோது, தகப்பனும் பிள்ளையும் அந்த மண்ணில் பிறந்திருந்தால் குடிமக்கள் என்று ஆயிற்று. தம்பிகளும் தங்கையும் அந்நாட்டவர் ஆனார்கள். அவள் மட்டும் அயல்நாட்டவள் ஆனாள்.

“ஒரே சட்டியில சாப்பிட்ட நாலு பேர்ல நான் மட்டும் வெளிநாடு மாமி” என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

அங்கே ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். தற்காலிக அனுமதிச் சீட்டில் அந்த வேலை, அந்த ஊர், அந்த ஆண்டு என்று மூன்றும் எழுதியிருக்குமாம். ஆண்டு முடியுமுன் நீட்டிக்கக் கேட்க வேண்டும். ஒரு முறை நீட்டிக்கவில்லை. புறப்பட்டு வந்துவிட்டாள்.

இங்கே வந்த பிறகு, அவள் இந்த நாட்டவள்தானா என்று இங்கும் கேட்டார்கள். கிராமத்து முன்சீப்பின் பிறப்புப் பதிவேட்டில் இன்னாருக்கு ஒரு பெண் குழந்தை என்றிருந்ததே தவிரப் பெயர் இல்லை. பெயர் வைப்பது அதற்குப் பிறகல்லவா நடக்கும்? அந்தக் குழந்தைதான் இந்தப் பெண் என்று விசாரித்து முடிவு செய்யும்வரை அவளுக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்தார்கள். சாம்பல் நிறத்தில் கெட்டியான அட்டை. முன்புறம் படம்; பின்புறம் மூன்று வரிகள். கேட்கும்போது காட்ட வேண்டும். இருப்பிடம் மாறினால் தெரிவிக்க வேண்டும். ஊதியத்துக்கு எந்த வேலையும் ஏற்கக் கூடாது.

முதல் வரியை அவள் தேவைக்கு அதிகமாகவே கடைப்பிடித்தாள். வந்த வாரத்தில் வாசலுக்கு வந்த மீன்காரப் பெண் கூடையை இறக்கியபடி, “புதுசா இருக்கே, எந்த ஊரு தாயி?” என்று கேட்டுவைத்தாள். அத்தாச்சி உள்ளே போய் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

மீன்காரி அதை ஈரக்கையால் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நாலு சூடை மீனு வாங்குறதுக்கு அட்டையா? எனக்கு எழுத்துத் தெரியாது தாயி.” பிறகு படத்தை உற்றுப் பார்த்து, “இது நீயா? இந்தப் புள்ள ஒன்னயவிடச் செவப்பால்ல இருக்கு!” என்றாள்.

“கறுப்பு வெள்ளைப் படம்தானே அக்கா.”

“அதுலயும் செவப்பாத்தான் இருக்கு, போ!”

இருவரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் கூடையில் நல்ல நண்டு இருந்தால் அது முதலில் எங்கள் வாசலுக்கு வந்தது. “கொழும்புப் புள்ள இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குவாள். நான் அவளிடம் ஆறு ஆண்டுகள் மீன் வாங்கியிருக்கிறேன். என்னை அவள் இன்றுவரை “வாத்தியார் மக” என்றுதான் கூப்பிடுகிறாள்.

இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அய்யாவின் மேசைதான் என்னால் பொறுக்க முடியாததாக இருந்தது.

அய்யாவுக்கு அலுவல் கடிதங்களைத் தாமே எழுதும் பழக்கமில்லை. நடந்துகொண்டே சொல்வார்; யாராவது எழுத வேண்டும். மூன்று ஆண்டுகளாக அந்த யாராவது நான். என் கையெழுத்து ஒழுங்கானது; அவர் ஒரு சொல்லை மாற்றி மாற்றிச் சொன்னாலும் கடைசியில் எது நிற்கும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். மாலையில் விளக்கேற்றியபின் அந்த அரைமணி நேரம்தான் அவர் என்னோடு இருந்த நேரம். அத்தாச்சி வந்த இரண்டாம் மாதம் ஒருநாள் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அவளைக் கூப்பிட்டார். மறுநாள் தமிழ்க் கடிதத்துக்கும் அவளையே கூப்பிட்டார். நான் பேனாவோடு எழுந்து வந்து நின்றேன்.

“ஒனக்குக் கை ஓயட்டும் தாயி. அவ எழுதட்டும்” என்றார்.

சலுகை போலத்தான் சொன்னார்.

அந்த மேசையில் உட்கார்ந்துதான் அவளுக்காக அவர் கொடுக்க வேண்டிய வாக்குமூலத்தையும் தயாரித்தார்கள். அவள் பிறந்த கதையை அப்போதுதான் முழுவதுமாகக் கேட்டேன். அய்யாவுக்கு அப்போது பதினாறு வயது. அடைமழைக் காலம். விடியும் வேளையில் அத்தைக்கு வலி எடுத்துவிட்டது. மருத்துவச்சி கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. இடுப்பளவு தண்ணீரில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

“என் தலைமுடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. ‘ஏலே, என்னயத் தண்ணியில விட்டியோ, அங்கன ஒங்கக்கா கத்திக்கிட்டேதான் கெடப்பா’ன்னு கரை சேர்ற வரைக்கும் திட்டு. நான் வாசல்ல அவளை எறக்கி விடுறேன், உள்ள இவ சத்தம் கேக்குது. மருத்துவச்சி வாரதுக்குள்ள பொறந்துட்டா!”

“அவசரம் எனக்கு” என்றாள் அத்தாச்சி, எழுதுவதை நிறுத்தாமல்.

“என் மடியிலதான் மொதல்ல போட்டாக. மயிரெல்லாம் ஒட்டிப்போயி, நனைஞ்ச கோழிக்குஞ்சு மாதிரி.” அய்யா தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அதே வழக்கப்படி நான் பிறந்தது உப்பூருக்கு அருகே என் அம்மாவின் தாய்வீட்டில். அய்யா பதினோராம் நாள் வந்து பார்த்தாராம். பள்ளியில் ஆய்வு இருந்ததாம். எந்த வழக்கம் அவளை அவள் தகப்பனாரின் நாட்டுக்கு அந்நியமாக்கியதோ, அதுவே அவளை என் தகப்பனாரின் வீட்டில் பிறந்த மகளாக்கியிருந்தது. எல்லோரும் முதல் பாதிக்காக அவள்மேல் இரக்கப்பட்டார்கள். நான் இரண்டாம் பாதியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் பரிசாகக் கிடைத்த பழம்பாடல் தொகுப்பு ஒன்று என்னிடம் இருந்தது. அதை அவள் கேட்டாள். வழக்கம்போல் எப்போது திருப்பித் தர வேண்டும் என்றாள். வாசிக்க முடியாதபடி இரண்டே நாள் கொடுத்தேன். முதல் நாள் மாலையே அட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இரவு உணவின்போது அய்யா அதிலிருந்து ஒரு கடற்கரைப் பாட்டைச் சொல்லி, கடல் கடந்து போனவனுக்காகத் தலைவி காத்திருக்கும் துயரம் பற்றிப் பேசினார். என்னைப் பார்த்துத்தான் பேசினார். நான் தகுந்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அத்தாச்சி சொன்னாள்: “காத்திருக்கிறது பெருசில்ல அம்மான். எது வரைக்கும்னு சொல்லாமப் போயிட்டானே, அதுதான்.”

அய்யா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

மதுரையில் என் கல்லூரி வகுப்பில் போன மாதம் அதே பாட்டு வந்தது. அவள் சொன்னதையே செந்தமிழாக்கி என் கருத்தாகச் சொன்னேன். பேராசிரியை பாராட்டினார். இதை எழுதும்போதுதான் முதன்முறையாக ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஆண்டு ஐப்பசியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை பிரசவத்துக்குப் போனாள். அறுபது பிள்ளைகள் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். “சும்மா உள்ள உக்காந்திரு. சத்தம் போடாமப் பாத்துக்க” என்றார் அய்யா.

“எத்தனை நாள் அம்மான்?”

“அந்த டீச்சர் வர்ற வரைக்கும்.”

“கார்டுல வேலை செய்யக்கூடாதுன்னு இருக்கே.”

“ஊதியத்துக்குத்தானே? நான்தான் ஒனக்குச் சம்பளமே தரலையே” என்று சிரித்தார்.

சும்மா உட்கார அவளுக்குத் தெரியாது. ஒரு மாதத்தில் அந்த வகுப்பு வாய்பாடு சொல்லியது. பேசவும் நேரம் கொடுத்தாள்: “மணியடிக்கிற வரைக்கும் பேசலாம். அடிச்ச பிறகு கூடாது. சரியோ?” ஆமாம் என்பதற்கு அறுபது குரல்களும் அவளைப் போலவே “ஓம் டீச்சர்!” என்றன. கடற்கரையில் வலை காயப்போடும் இடத்தில்கூடப் பிள்ளைகள் ஒருவரையொருவர் “ஓம், ஓம்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அந்தப் பள்ளியில் ஐந்து ஆண்டுகள் நான் படித்திருக்கிறேன். என் சொல் ஒன்றுகூட யார் வாயிலும் ஒட்டியதில்லை.

பிள்ளைகளின் தாய்மார் சும்மா இருக்கவில்லை. ஒருத்தி நண்டு கொடுத்தனுப்பினாள்; ஒருத்தி முட்டை; கரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பனங்கருப்பட்டிச் சிப்பம். அத்தாச்சி பதறினாள்.

“மாமி, இது சம்பளம் போல ஆயிரும். திருப்பி அனுப்புவம்.”

“போடி இவளே. புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தவளுக்கு ரெண்டு நண்டு குடுக்குறது சம்பளமா? திருப்பி அனுப்பிச்சா, எங்க கை நண்டு ஆகாதோன்னு நெனைப்பாக. நாளைக்கி மொகத்துல முழிக்க வேணாமா?”

அம்மா சொன்னது எங்கள் கரையில் எல்லோரும் சொல்வதுதான். வாசலுக்கு வந்த மீனைத் திருப்பி அனுப்புவது பகை. அதை ஊதியம் என்று நினைப்பதற்கு இங்கே யாருக்கும் தோன்றாது. எனக்கும் அதுவரை தோன்றியதில்லை.

மாசியில் அய்யா ஒரு செய்தி கொண்டுவந்தார். பிரசவத்துக்குப் போன ஆசிரியை திரும்பப் போவதில்லை. கணவனோடு வெளியூர் போகிறாள். ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்த இடத்தை அத்தாச்சிக்குக் கொடுக்க நிர்வாகம் சம்மதித்துவிட்டது. குடியுரிமைச் சான்று மட்டும் அதற்குள் வந்தாக வேண்டும். வந்தால் நிரந்தர வேலை. வராவிட்டால் இடம் வேறொருவருக்கு.

“நிரந்தரம்னா எத்தனை வருஷம் அம்மான்?” என்று அவள் கேட்டாள்.

“அம்பத்தஞ்சு வயசு வரைக்கும்” என்றார் அய்யா.

அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். சற்றுக் கழித்து நான் தண்ணீர் குடிக்கப் போனபோது, அரிசி களைந்த கையோடு சுவரைப் பார்த்து நின்று, விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். முகம் ஒரு சின்னப் பிள்ளையின் முகம் போலிருந்தது. அப்படி ஒரு மகிழ்ச்சியை யாரிடமும் நான் பார்த்ததில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது. வேலை வேண்டாம், அந்த முகம் வேண்டியிருந்தது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை முற்பகல், தாலுகாவிலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். அய்யா ராமநாதபுரம் போயிருந்தார். அம்மா பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்புக்கு. அத்தாச்சி அடுப்படியில். கூடத்தில் நான்தான் இருந்தேன். நல்ல மனிதர். வயதானவர். வெயிலில் நடந்து வந்து வியர்த்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தாள்களைப் பிரித்துக்கொண்டே பேசினார்.

“எல்லாம் சரியா இருக்கும்மா. முன்சீப் எழுதிட்டாரு. ஒங்கய்யா வாக்குமூலமும் இருக்கு. சம்பிரதாயத்துக்கு ஒண்ணு கேக்கணும். இந்தம்மா இங்கன வேலை கீலை எதுவும் பாக்கலைல்ல?”

கேள்வியிலேயே பதிலை வைத்துத்தான் கேட்டார். பேனா முனை தாளைத் தொட்டுவிட்டது. நான் தலையை ஆட்டியிருந்தால் போதும்.

“பாக்குறாங்க” என்றேன். “பள்ளிக்கூடத்துல. மூணாங் கிளாஸ்.”

பேனா நின்றது. “சும்மா ஒத்தாசைக்குத்தானே? சம்பளம் ஏதும் இல்லையே?”

“காசா இல்ல.”

“காசா இல்லைன்னா?”

“நண்டு. முட்டை. கருப்பட்டி. பிள்ளைகளோட வீட்டிலேருந்து வரும்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, யோசிச்சுத்தான் சொல்றியா?”

“உள்ளதைத்தான் சொல்றேன்.”

உள்ளதைத்தான் சொன்னேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. என் வாழ்நாளில் நான் செய்தவற்றில் மிகக் கெட்டது அதுதான். அதில் பொய் ஒன்றுமில்லை.

அத்தாச்சி காப்பி கொண்டுவந்தாள். அவர் அவளிடமும் அதையே கேட்டார். “ஓம்” என்றாள். “வீட்டுக்குச் சாமான் வந்ததா?” “ஓம்.” அவர் வருத்தத்தோடு எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்: “யாரு சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குப் போனீங்க? தலைமையாசிரியரா?”

அதுவரை நான் அவளை மட்டும்தான் நினைத்திருந்தேன். கார்டு உள்ளவளை வகுப்பில் உட்கார வைத்தவர் அய்யா. ஆம் என்று அவள் சொன்னால் அய்யாவின் வேலைக்கே ஆபத்து.

“இல்லை ஐயா” என்றாள். “அவர் வேணாம்னுதான் சொன்னார். நானாத்தான் போய் உக்காந்தேன்.”

அவள் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். தடுமாறாமல் சொன்னாள். அவர் நம்பினார், அல்லது நம்ப விரும்பினார். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

மாலையில் அய்யா வந்ததும் அவளே சொன்னாள். “பள்ளிக்கூடம் போறதைக் கேட்டாங்க அம்மான். ஓம்னு சொன்னேன். நானாப் போனேன்னு எழுதிக்கிட்டாங்க. நீங்களும் அப்படியே சொல்லுங்க.”

அய்யா அப்படியே உட்கார்ந்துவிட்டார். “எவன் போட்டுக் குடுத்தான்?” என்று தெருப்பக்கம் பார்த்துக் கேட்டார். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் உத்தரவு வந்தது. நிபந்தனையை மீறியதால் மனு நிறுத்திவைக்கப்படுகிறது; ஓராண்டு கழித்துப் புதிதாக விசாரிக்கப்படும். ஜூனில் மூன்றாம் வகுப்புக்கு மண்டபத்திலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். அத்தாச்சி அதற்கு முன்பே பெட்டியைக் கட்டிவிட்டாள். தான் அங்கேயே இருந்தால் அய்யாமேல்தான் சந்தேகம் விழும் என்று கணக்குப் போட்டிருந்தாள். திருவாடானைக்கு அருகே, தான் பிறந்த வீட்டுக்கு, என் பெரியப்பாவிடம் போனாள். அம்மா அழுது தடுத்துப் பார்த்தாள். “ஒரு வருஷம்தான் மாமி. திகதி குடுத்திருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அய்யாவின் மேசை எனக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த ஆண்டு முழுவதும் மாலைதோறும் அவர் நடந்துகொண்டு சொன்னார், நான் எழுதினேன். சொன்னதெல்லாம் அவளைப் பற்றி. மேற்படி பெண் என் மூத்த சகோதரியின் மகள். அவள் பிறந்த அன்று நான் அவ்வீட்டில் இருந்தேன். பிறந்தவுடன் அவளை என் மடியில் இட்டார்கள். தாசில்தாருக்கு, கலெக்டருக்கு, சென்னைக்கு, மறுபடியும் தாசில்தாருக்கு. ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள். என் கையெழுத்து மிகவும் தெளிவாக இருப்பதாக ஓர் அலுவலகத்தில் சொன்னார்களாம். அதை அய்யா என்னிடம் வந்து சொன்னார். நடந்ததைப் பற்றி மட்டும் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பது இன்றும் எனக்குத் தெரியாது.

அந்த ஊரில் அவளுக்கு வேறு வகையில் காரியம் நடந்தது. “கண்டிக்காரி மக வந்திருக்கா” என்று தெருவே அவளைப் பார்க்க வந்ததாம். அந்த மழைநாளை நினைவு வைத்திருந்தவர்கள் பதினோரு பேர் முன்சீப்பிடம் போய்க் கைநாட்டு வைத்தார்கள். அய்யாவோடு நான் அந்த ஊருக்குப் போயிருந்தபோது, ஒருவர் அவளிடம் என்னைக் காட்டி, “இந்தப் புள்ள யாரு?” என்று கேட்டார். அவள்தான் என்னை யாரென்று சொன்னாள்.

பதினான்கு மாதங்களுக்குப் பிறகு சான்று வந்தது. முகவரி அய்யாவுடையது என்பதால் பாம்பனுக்கு வந்தது. வாங்கிக்கொள்ள அவள் காலை ரயிலில் வந்தாள். உப்பூரில் ஒரு பள்ளியில் அடுத்த வாரமே சேரச் சொல்லியிருந்தார்கள். இளைத்திருந்தாள், கறுத்திருந்தாள். சான்றை முன்னும் பின்னும் வாசித்தாள். பின்புறத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை என்பதைக் கண்டு மறுபடியும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்து, கிணற்றடியில் இருவரும் பாத்திரம் கழுவும்போது நான் சொன்னேன். ஓராண்டாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் வரவில்லை.

“அன்னைக்கி அந்த அதிகாரிகிட்ட...”

“தெரியும் பிள்ளை” என்றாள். “அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவுல ஒரு தட்டிதானே.”

“ஏன் அய்யாகிட்டச் சொல்லல?”

“சொன்னா இந்த வீட்டுல இருக்க உனக்குக் கஷ்டமா இருக்கும். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

சாம்பலை அள்ளிச் செம்பைத் தேய்த்தாள். நன்றாகத் தேய்த்தாள்.

“கோவமே வரலையா அத்தாச்சி?”

“வந்துச்சு. நல்லா வந்துச்சு.” செம்பைக் கழுவிக் கவிழ்த்தாள். “தைப்பொங்கல் வரைக்கும் வச்சிருக்கிறதுன்னு இருந்தேன். அதுக்கு மேல நீட்டிக்கல்ல.”

விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் முகத்தைப் பார்த்தேன்; அதில் ஒன்றும் மிச்சமில்லை. அவள் என்னை ஏசியிருந்தால், ஒருமுறை கையை ஓங்கியிருந்தால்கூட, நாங்கள் ஏதோ ஒரு விதத்தில் சமமாகியிருப்போம். அதையும் அவள் என்னைவிட நன்றாகச் செய்து முடித்துவிட்டாள். என்னிடம் இருந்ததற்கு நான் எந்தப் பொங்கலையும் குறித்து வைக்கவில்லை.

மாலை ரயிலுக்குப் புறப்பட்டாள். அய்யா அவளுடைய பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்றாள், அவர் கேட்கவில்லை. அம்மா கூந்தலில் பூ வைத்துவிட்டாள். மூவரும் வாசலில் இறங்கினார்கள். வெயில் தணிந்து கடற்காற்று வீசத் தொடங்கியிருந்தது. அத்தாச்சி திரும்பி என்னைப் பார்த்து, “நீயும் வாயேன் பிள்ளை. ஸ்டேஷன் வரைக்கும்தான்” என்றாள். அய்யாவும் நின்று திரும்பிப் பார்த்தார்.

படிக்க வேண்டியிருக்கிறது என்றேன்.

தேர்வு முடிந்து அன்றோடு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது அவர்கள் மூவருக்கும் தெரியும்.